அலுமாரிக்குள் பூட்டி வைத்த வரலாறு

பழைய நூல்களைத் தேடிச் சேர்ப்போர் எம்மவரிடையே எக்காலத்திலும் இருந்து வந்துள்ளனர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சட்டத்தரணி, கச்சேரியில் இலிகிதராகப் பணிபுரிந்தவர் என ஊருக்கு ஒருவரையேனும் காட்டலாம். இப்பொழுது லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் தமிழர் சிலரும் இதில் ஈடுபாடு காட்டுகின்றனர். பயண நூல்களும் வரலாற்று நூல்களுமே இவர்கள் பெரிதும் விரும்பித் தேடுபவை. இந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். பத்திரிகைத் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் அதன் பயனையும் அனுபவித்திருக்கிறேன். ஆயினும் இது குறித்து எனக்கொரு கருத்து வேறுபாடு உண்டு. நாம் பெரும்பணம் கொடுத்துத் தேடும் நூல்களில் பெரும்பாலானவை அழிவை எதிர்நோக்கியவை அல்ல. அழிந்துகொண்டிருக்கும் நூல்களையோ நாம் தேடுவதில்லை. தற்செயலாகக் கைக்கு வந்த சிலவற்றையும் அலுமாரிக்குள் பூட்டி வைத்துவிடுகிறோம்.

இதனை விளக்குமுன், தேடப்படும் நூல்களின் பெருமையைச் சொல்லிவிடுவதே முறை.

இலங்கை தொடர்பான பழைய பயண நூல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ரொபர்ட் நொக்ஸ் எழுதிய நூலாகும். 1660ஆம் ஆண்டில் கொட்டியாரப் பகுதியில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்ட இந்த ஆங்கிலேய மாலுமி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். 1679இல் அங்கிருந்து தப்பி, அநுராதபுரத்தைக் கடந்து, காட்டு வழியாக மன்னாருக்குத் தெற்கேயுள்ள அரிப்பை அடைந்து, அங்கிருந்த ஒல்லாந்தரிடம் தஞ்சம் புகுந்தார். அவருடைய நூல் 1681இல் லண்டனில் வெளிவந்தது. விஞ்ஞானி ரொபர்ட் ஹூக் அதற்கு முன்னுரை எழுதினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது ஜேர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளிலும் வெளிவந்துவிட்டது. உழவு, உணவு, வரி, தண்டனை, திருமணம் முதலிய அன்றாட வாழ்க்கைச் செய்திகளை, அச்சமூகத்தின் நடுவே நெடுங்காலம் வாழ நேர்ந்த ஒருவர் எழுதியிருப்பதே அந்நூலின் சிறப்பு. தப்பிச் சென்ற வழியில் தமிழ் மக்களைக் கண்டதையும், வன்னியர் ஒருவரின் ஆட்சிக்குட்பட்ட நிலப்பரப்பையும் அவர் குறிப்பிடுகிறார். அக்கால ஐரோப்பிய வழக்குப்படி தமிழரை ‘மலபார்கள்’ என்றே எழுதுகிறார். வன்னியின் வரலாற்றை ஆராய்பவர் எவரும் அச்சில பக்கங்களைக் கடந்து செல்ல இயலாது.

அடுத்தது பிலிப்பஸ் பல்டேயஸ் எழுதிய நூல். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் அங்கு பணிபுரிந்த மதகுரு இவர். 1672இல் அம்ஸ்ரடாமில் ஒல்லாந்து மொழியில் அச்சான இந்நூலில் தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை முதலிய ஊர்களின் தேவாலயங்கள் செப்புத்தகட்டுச் சித்திரங்களாக இடம்பெற்றுள்ளன. தமிழ் எழுத்துகளையும் தமிழ் இலக்கணத்தையும் பற்றிய பகுதியும் உண்டு. ஐரோப்பாவில் அச்சான ஒரு நூலில் எமது ஊர்களின் பெயரையும் எமது எழுத்தின் வடிவத்தையும் ஒருங்கே காணும்போது ஏற்படும் உணர்ச்சியை நான் மறைக்க விரும்பவில்லை. 1703இல் லண்டனில் சேர்ச்சில் பதிப்பாளர் வெளியிட்ட பயண நூல் தொகுதியில் இதன் ஆங்கில வடிவம் சேர்க்கப்பட்டது. அது சுருக்கப்பட்டதும் பிழை மலிந்ததுமான மொழிபெயர்ப்பு. இலங்கை பற்றிய பகுதிக்குப் பீற்றர் புரோகியர் செய்த நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பு 1960இல்தான் நூலாகக் கைக்கெட்டியது. இடைப்பட்ட இரண்டரை நூற்றாண்டுக் காலத்தில் 1703ஆம் ஆண்டின் ஆங்கிலத்தை மட்டும் நம்பி எழுதியவர்கள் எத்தனை தவறுகளைக் கைமாற்றியிருப்பார்கள்! மூலப்பதிப்பைத் தேடிச் செல்வது வீண் ஆடம்பரம் அன்று என்பதற்கு இந்த ஒரு சான்றே போதும்.

இவ்விருவருக்கும் முன்னரே, 1344இல், மொரொக்கோ நாட்டவரான இபுன் பத்தூத்தா யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அரசன் பாரசீக மொழியைப் புரிந்துகொண்டதையும், சிவனொளிபாத மலைக்குச் செல்லத் தமக்கு உதவியதையும் அவர் பதிவு செய்துள்ளார். யாழ்ப்பாண அரசன் ஒருவனை நேரிற் கண்ட வெளிநாட்டார் ஒருவரின் கூற்று என்பதால் அதன் மதிப்பு மிகப் பெரிது.

இத்தகைய நூல்களை விரும்பிச் சேர்ப்பவரை யார் குறைகூற முடியும்? ஆனால் இவற்றின் இன்றைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நொக்ஸின் 1681ஆம் ஆண்டுப் பதிப்பு உலகின் பெரிய நூலகங்கள் பலவற்றில் காலநிலைக் கட்டுப்பாட்டுடன் பாதுகாக்கப்படுகிறது. புதுடில்லியிலும் கொழும்பிலும் உள்ள பதிப்பகங்கள் அதனை மறுபதிப்புச் செய்துள்ளன. இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். கோர்டினர் (1807), டேவி (1821), எமர்சன் ரெனன்ற் (1859) ஆகியோரின் நூல்களும் அப்படியே. தனியார் ஒருவரின் வீட்டில் உள்ள நொக்ஸ் பிரதி நாளை தீக்கிரையானால் நட்டம் அவருக்கே. நொக்ஸ் சொன்ன ஒரு சொல்லும் உலகத்தைவிட்டு மறையாது.

தாளின் தன்மையும் இங்கு கவனிக்கத்தக்கது. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியர் கந்தல் துணியிலிருந்து செய்த தாளில் அச்சடித்தனர். முந்நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் அத்தாள் வளைந்து கொடுக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ்த் தாள் பரவியது. அதிலுள்ள அமிலம் காலப்போக்கில் தாளைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்கிறது. 1930களில் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ மலிவுத் தாளில் அச்சான ஒரு தமிழ் நூலைத் திறந்து பாருங்கள். ஓரம் உதிர்ந்து விரலில் ஒட்டும். எமது வெப்பமும் ஈரப்பதனும் கறையானும் இராமபாணப் பூச்சியும் மீதி வேலையைச் செய்து முடிக்கின்றன. வயதில் இளைய நூலே முதலில் இறக்கிறது. விலையை மட்டும் நோக்கிச் சேர்ப்பவர் இவ்வுண்மையைக் காண்பதில்லை.

எம்மவர் எழுதிய வரலாற்று நூல்களும் பெருமையிற் குறைந்தவை அல்ல. கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்விவர அகராதியை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தந்தார். ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதானகோசம் 1902இலும் யாழ்ப்பாணச் சரித்திரம் 1912இலும் வெளிவந்தன. முதலியார் செ. இராசநாயகம் 1926இல் பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலையும், 1933இல் தமிழில் யாழ்ப்பாணச் சரித்திரத்தையும் எழுதினார். இடையில் 1928இல் சுவாமி ஞானப்பிரகாசரின் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் வந்தது. இராசநாயகமும் ஞானப்பிரகாசரும் பல இடங்களில் மாறுபட்டு நிற்பவர்கள். ஒருவரை மட்டும் வாசித்தவர் வாதத்தின் பாதியையே அறிவார். மட்டக்களப்புக்கு வந்தால் எஸ். ஓ. கனகரத்தினத்தின் 1921ஆம் ஆண்டு ஆங்கில நூல், 1962இல் எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம், 1964இல் வெளிவந்த வீ. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் ஆகியவற்றை ஒருங்கே வைத்துப் படிக்க வேண்டும்.

இவையாவது பெயர் அறியப்பட்ட நூல்கள். சில மறுபதிப்பும் கண்டன. பெயரே அறியப்படாதவைதாம் என் கவலை. முந்நூறு பிரதி, ஐந்நூறு பிரதி என அச்சிட்டு ஊருக்குள்ளேயே விநியோகித்த ஊர் வரலாறுகள், கும்பாபிடேக மலர்கள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள், கதிர்காமத்துக்கும் காசிக்கும் சென்று வந்தவர் எழுதிய சிறு பயண நூல்கள் இவ்வகையின. அந்தியேட்டி நாளில் இறந்தவர் நினைவாக வெளியிடப்படும் சிறு நூலை நாம் ‘கல்வெட்டு’ என்கிறோம். ஒரு குடும்பம் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பெயர்ந்தது, யார் மலாயாவுக்குச் சென்றார், எந்தக் கோயிலுக்கு எவர் நிலம் கொடுத்தார் என்பனவெல்லாம் அதிலே பொதிந்திருக்கும். எந்தப் பழம்பொருள் வணிகரும் அதற்கு விலை சொல்ல மாட்டார். எந்த ஐரோப்பிய நூலகமும் அதனை வாங்கி வைத்திருக்காது. அதன் கடைசிப் பிரதி போனால் அது போனதுதான்.

பயண நூல்களை வாசிப்போருக்கும் இவை இன்றியமையாதவை. பல்டேயஸ் கிறித்தவ மதகுருவின் கண்கொண்டே சைவத்தை நோக்கினார். நொக்ஸ் கைதியாக இருந்து எழுதினார். பின்னாளில் எழுதிய ஆங்கிலேயர் பலர் ஆட்சியாளரின் இருக்கையிலிருந்து எழுதினர். அவர்கள் கண்டதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் காணாததை யார் சொல்வது? அந்த ஊரில் பிறந்தவர், தமக்குத் தெரிந்ததைத் தம் மொழியில், தரம் குறைந்த தாளில் எழுதி வைத்த சிறு நூல்தான் அதனைச் சொல்லும். நொக்ஸையும் ரெனன்றையும் கண்ணாடி அலுமாரியில் வைத்துவிட்டு, கோயில் மலரைப் பழைய தாள்காரனுக்கு நிறுத்துக் கொடுக்கும் வீடுகளை நான் அறிவேன்.

நூல் அழிவு பற்றிப் பேசும்போது 1981ஐக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. அவ்வாண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. 97,000க்கு மேற்பட்ட நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. அந்தத் துயரத்தைச் சொல்ல வருவோர் பலர், யாழ்ப்பாண வைபவமாலையின் உலகிலிருந்த ஒரே பிரதியும் அன்று எரிந்துபோனது என்று எழுதி வருகின்றனர். ஆங்கில ஏடுகளிலும் இணையத்திலும் இக்கூற்று திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. இது சரியன்று. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய அந்நூலைக் கிறிஸ்ரோபர் பிரிற்ரோ 1879இலேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். தமிழிலும் அது பலமுறை அச்சேறியது, குல. சபாநாதன் குறிப்புகளுடன் பதிப்பித்தார். இன்று விரும்பும் எவரும் அதனை வாசிக்கலாம்.

இத்திருத்தத்தைச் சொல்வது எரித்தவரின் குற்றத்தைக் குறைப்பதற்காக அன்று. தவறான சான்று எமது முறைப்பாட்டையே பலவீனப்படுத்தும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், இதில் அடங்கியுள்ள பாடம். வைபவமாலை பிழைத்தது, அது பல கைகளில், பல ஊர்களில், இரு மொழிகளில் இருந்தமையால். படியெடுக்கப்படாமல் அந்நூலகத்தில் மட்டுமே இருந்த ஏடுகளோ மீளவில்லை. நாம் பெயர் சொல்லி அழக்கூடிய நூல் பிழைத்துவிட்டது. பிழைக்காதவற்றில் பலவற்றின் பெயரைக்கூட இன்று நாம் அறியோம். 1995இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோதும், 2009இல் வன்னியில் இறுதிப்போர் நடந்தபோதும் எத்தனையோ வீட்டு நூலகங்கள் அவ்வாறே சென்றன. உயிரைக் காக்க ஓடுபவர் அலுமாரியைத் தூக்கிச் செல்வதில்லை. தமிழகத்தில் பழைய நூல்களின் தாயகமாக விளங்கிய சென்னை மூர் மார்க்கெட்டும் 1985இல் தீயில் அழிந்தது.

சேர்ப்பவர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தமிழுலகில் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்டால் ஒடியும் ஏடுகளைத் தேடிப்பெற்று அவற்றை அச்சேற்றினார். கலித்தொகை 1887இல் அவ்வாறே உலகுக்குக் கிடைத்தது. தேடியவற்றைத் தம் வீட்டுப் பெட்டியில் வைத்துப் பெருமை பேசியிருந்தால் இன்று அவரை யார் நினைப்பார்? ‘உலகம் சுற்றும் தமிழன்’ எனப் பெயர் பெற்ற ஏ. கே. செட்டியார், பழைய ஏடுகளில் புதைந்துகிடந்த பயணக் கட்டுரைகளைத் தேடி எடுத்துத் தொகுத்து வெளியிட்டார். தாம் நடத்திய குமரி மலரிலும் அத்தகைய பழைய எழுத்துகளை மீண்டும் அச்சிட்டார். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்தவை ஏறத்தாழ ஓர் இலட்சம். அவற்றுள் அறிஞர் மதிக்காத மலிவுப் பதிப்புகளும் துண்டுப் பிரசுரங்களும் அடங்கும். அவர் 1992இல் மறைந்தபின் சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அதனைக் கடல் கடந்து கொண்டு செல்லாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைக்க வழிசெய்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர் அங்கு செல்லாமல் இருக்க முடியாது.

இவற்றைச் சொல்லும்போது சேகரிப்பாளர் எழுப்பும் மறுப்புகளையும் நான் கேட்டிருக்கிறேன். இரவல் கொடுத்த நூல் திரும்புவதில்லை என்பது முதல் மறுப்பு. இது முற்றிலும் நியாயமானது. எனவே இரவல் கொடுக்க வேண்டாம் என்றே நானும் சொல்வேன். மின்வருடிப் படியெடுக்க மட்டும் இடங்கொடுங்கள். நூல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். படியெடுத்தால் நூலின் விலைமதிப்புக் குறைந்துவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. நொக்ஸின் நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதனால் 1681ஆம் ஆண்டுப் பதிப்பு மலிவாகிவிட்டதா? சேகரிப்பாளர் கொடுக்கும் விலை அந்தப் பழைய பொருளுக்கே. உள்ளிருக்கும் செய்திக்கு அன்று. பதிப்புரிமை என்பது மூன்றாவது மறுப்பு. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரையே பதிப்புரிமை உண்டு. முத்துத்தம்பிப்பிள்ளை, இராசநாயகம், ஞானப்பிரகாசர் ஆகியோரின் நூல்கள் அத்தடையைக் கடந்துவிட்டன. மற்றவற்றுக்கு ஆசிரியரின் பிள்ளைகளிடம் ஒரு கடிதம் பெற்றுக்கொள்வது பெரிய காரியம் அன்று.

வணிகர் சிலர் செய்யும் ஒரு கொடுமையையும் இங்கு கண்டிக்க வேண்டும். பழைய பயண நூல்களிலுள்ள சித்திரங்களையும் வரைபடங்களையும் வெட்டியெடுத்துக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தனித்தனியே விற்கின்றனர். முழு நூலைவிட இவ்வாறு விற்பதில் இலாபம் அதிகம். சுவருக்கு அழகென்று அவற்றை வாங்குவோர், தம் பணம் ஒரு நூலின் உடலைத் துண்டாடப் பயன்பட்டதை உணர்வதில்லை. வாங்குபவர் இல்லையேல் வெட்டுபவரும் இருக்கமாட்டார்.

அப்படியாயின் என்ன செய்யலாம்? முதலாவதாக, தம்மிடம் உள்ளவற்றுக்கு ஒரு பட்டியல் எழுத வேண்டும். நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், ஆண்டு, எவரிடமிருந்து பெறப்பட்டது என்ற விவரம் போதும். ஏட்டோரத்தில் முன்னையவர் எழுதிய குறிப்பும் பழைய நூலக முத்திரையும் வரலாறே; அவற்றை அழிக்கலாகாது. கிழிந்த தாளை ஒட்டுநாடாவால் ஒட்டுவதும், பிளாஸ்ரிக் உறையிட்டு உருக்கி மூடுவதும் நூலைக் கெடுக்கும். இரண்டாவதாக, வேறெங்கும் இருப்பதாகத் தெரியாதவற்றை முதலிற் படியெடுக்க வேண்டும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ செயற்றிட்டம் இலங்கைத் தமிழர் ஆவணங்களைப் பல்லாயிரக்கணக்கில் இணையத்தில் ஏற்றியுள்ளது. மலர்களையும் கல்வெட்டுகளையும்கூட அது ஒதுக்குவதில்லை. கொழும்பு மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து நாம் பத்து ஆண்டுகளில் தேடிப் பிடிப்பதை இன்று ரொறன்ரோவிலுள்ள மாணவி ஒருத்தி ஒரே மாலையில் வாசித்துவிட முடிகிறது. மூன்றாவதாக, தம் காலத்துக்குப்பின் இந்நூல்கள் எங்கு செல்ல வேண்டும் என்பதை உயிரோடிருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். காணிக்கும் நகைக்கும் உறுதி எழுதும் எம்மவர் நூல்களை மறந்துவிடுகின்றனர். எனக்குத் தெரிந்த தமிழறிஞர் ஒருவர் நாற்பது ஆண்டுகள் சேர்த்த நூல்கள், அவர் மறைந்த ஆண்டு முடிவதற்குள் கிலோக் கணக்கில் விற்கப்பட்டன. பிள்ளைகள் தீயவர்கள் அல்லர். அவர்கள் வெளிநாட்டில் இருந்தனர். வீட்டை விற்க வேண்டியிருந்தது. எந்தக் கட்டில் எது இருக்கிறது என்று சொல்வாரும் இல்லை. ஒரு பட்டியலும் இல்லை.

புலம்பெயர்ந்து வாழும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டன் ஏலத்தில் ஒரு பல்டேயஸை வாங்கும் வசதி உங்களுக்கு இருந்தால் வாங்குங்கள், மகிழ்ச்சியே. அதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை, உங்கள் ஊர்க் கோயிலிலும் பாடசாலையிலும் பழைய குடும்பங்களிலும் எஞ்சியிருக்கும் மலர்களையும் ஊர் வரலாறுகளையும் திரட்டிப் படியெடுக்கக் கொடுங்கள். பல்டேயஸ் இன்னும் நூறு ஆண்டுகள் காத்திருப்பார். 1935இல் அச்சான உங்கள் ஊர் மலர் அடுத்த மாரிக்குத் தாக்குப்பிடிக்குமா என்பதே சந்தேகம்.